ஃபேன் இல்லாத கார்டு

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் விழுப்புரம் போன குடும்பம் திண்டிவனத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, பெட்டி மட்டும். அம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றி, மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாள். அப்பா சன்னலோரம் அதைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, "கிரைண்டராங்க?" என்றாள்.

"கம்ப்யூட்டருங்க."

"ஐயோ, இன்னா ஆச்சு அதுக்கு?" என்று அவள் கேட்ட குரலில், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் கேட்கும் கவலை இருந்தது.

அப்பாவுக்கு டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பழைய பார்ட்டைக் கொண்டுவந்து காட்டாதவருக்குப் புதுசு தரக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். ஓமந்தூரிலிருந்து வெயிலில் வந்து ஒருவர் பேரிங் கேட்டாலும், "பழச எங்க?" என்பார். நம்பர் சொன்னால் போதாது. "நம்பரு உங்க வாயில இருக்குது. வண்டில இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" ஆகவே கம்ப்யூட்டரில் படங்கள் திணறாமல் ஓட ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்றபோது, பெட்டியையே தூக்கிக்கொண்டு போவதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வியப்பில்லை.

கார்டு எனக்காக. அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். நான் எட்டாம் வகுப்பு. கூடப் படித்தவன் ஒரு கார் ரேஸ் சிடி கொடுத்திருந்தான். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியதை அப்பா வாங்கிவந்த எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கார் ஓடவில்லை. இங்கே ஒரு தடவை தெரியும், அப்புறம் சுவரில் மோதிய இடத்தில் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று நானே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. மயிலம் பக்கத்துக் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். ஒரு கியர் பாக்ஸை முப்பரிமாணத்தில் வரைந்து, சுழலவிட்டுக் காட்ட வேண்டும். அவளோடு சேர்ந்த மற்ற மூவரும் பையன்கள். அவர்கள் சாயங்காலம் லேபில் தங்கி வரைவார்கள். அக்காவின் காலேஜ் பஸ் நாலு மணிக்கே கிளம்பிவிடும். "நீ ரிப்போர்ட் டைப் பண்ணிடு, வரையறத நாங்க பாத்துக்கறோம்" என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே வரைந்து, பொங்கல் லீவு முடிந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன், முடியாவிட்டால் டைப் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வந்து வரையவும் செய்தாள். ஆனால் ஒரே ஒரு பல்சக்கரத்தைத் திருப்பினால் போதும், கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திவிடும்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு, "பாக்கலாம்மா. இன்னும் கொஞ்ச மாசந்தான, காலேஜ் முடிஞ்சா அது எதுக்கு?" என்றார். கோபமாக இல்லை, அன்பாகத்தான்.

அடுத்த வாரம், என் கார் சுவரில் முட்டி நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டேய், இதுக்கு ஒரு கார்டு போட்டா பறக்கும். நீ அப்பாகிட்ட கேளு. சாப்பிடும்போது கேக்காத, சாப்ட்டுத் தண்ணி குடிக்கும்போது கேளு. கார்டுன்னு சொல்லாத, பார்ட்டுன்னு சொல்லு."

நான் அப்படியே செய்தேன்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு பார்ட்டு வீக்கா இருக்குதுப்பா. கார் ஓட மாட்டுது."

"கேம் வெளையாட்றதுக்கா கேக்குற?" என்று அம்மா அடுப்படியிலிருந்து சீறினாள்.

"உடு, பையன் ஆசப்படறான்" என்றார் அப்பா. "சனிக்கிழம விழுப்புரம் போலாம். எந்தப் பார்ட்டுன்னு காட்டறதுக்கு அக்காவையும் கூட்டுக்கலாம்."

அவ்வளவு சுலபமாக முடிந்தது. என் பேச்சுத் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

கடை ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பிக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். அதன்மேல் நெருப்பு கக்கும் டிராகன். உள்ளே இரண்டு ஃபேன் வைத்த கார்டு. "ஒரு ஜிபி சார். இதான் டாப்பு."

நான் பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா போர்வை முடிச்சை அவிழ்த்தார். "மாட்டிக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் மாட்டிக்கும் சார். யாரும் இத இப்படித் தூக்கினு வர மாட்டாங்க."

"எங்க கடைக்குத் தூக்கினுதான் வருவாங்க."

வேறு வழியில்லாமல் அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே தூசு, நூலாம்படை, கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல். அது எப்படி உள்ளே போனது என்று நல்லவேளை யாரும் என்னைக் கேட்கவில்லை. டிராகன் கார்டைச் செருகினார். எங்களுடையது ஒல்லிப் பெட்டி. கார்டு அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மூடி போடாம ஓட்டலாம் சார், நல்லாக் காத்தோட்டமா இருக்கும். இல்ல, பெட்டியும் பவர் சப்ளையும் சேத்து மாத்திக்கலாம்."

அப்பா தாடையைத் தடவினார். அவர் அப்படித் தடவினால் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். "அப்ப எல்லாத்தயும் சேத்துப் பொங்கல் கழிச்சிப் பாக்கலாம்."

எனக்குப் பொங்கல் கழித்து என்றால் கழித்துதான். அக்காவுக்குப் பொங்கல் கழித்து என்றால் டைப் அடிக்கும் வேலை. அவள் முன்னால் வந்தாள். குனிந்து, பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஒரு சீட்டைப் படித்தாள்.

"அப்பா, இதான் கரெண்ட் குடுக்கற எஞ்சின். சின்ன எஞ்சின். இவரு தர்றது பெரிய டிரெய்லர். அதுக்குத் தனியா ஒரு ஒயர் சொருவணும், நம்ம எஞ்சின்ல அந்த ஒயரே கெடையாது. சொருவினாலும் இழுக்காது, மூச்சு நின்னுடும்."

அப்பாவின் கை தாடையிலிருந்து இறங்கியது.

"ஒரு ஜிபின்னு போட்டிருக்கறது டேங்க்கு. டேங்க் எவ்ளோ பெருசா இருந்தா இன்னா, பைப்பு சின்னதா இருந்தா?" என்றவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணா, மேல் தட்டுல ஓரமா இருக்குதே, அந்தக் குட்டிக் கார்டு. அதுல பாதிதான் மெமரி, ஆனா வேகமான மெமரி. ஒல்லிப் பெட்டிக்குன்னு உள்ள சின்னத் தகடு ஒண்ணு வெச்சிருப்பாங்களே, இருக்குதா பாருங்க."

கடைக்காரர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்டூலில் ஏறினார். தகடு இருந்தது. மாட்டினார், மூடினார். அச்சு மாதிரிப் பொருந்தியது. அந்த 'டக்' சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. பிறகு நான் எத்தனையோ கம்ப்யூட்டர்களைப் பிரித்து மாட்டிவிட்டேன். எதைத் திறந்தாலும் முதலில் பவர் சப்ளையில் ஒட்டிய சீட்டைத்தான் படிக்கிறேன். அன்று அவள் குனிந்த மாதிரியே குனிந்து.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கார்டில் ஃபேன் இல்லை என்பது. டிராகனும் இல்லை. கருப்பாக, சின்னச் சீப்பு மாதிரி இருந்தது. என் முகம் கோணிக்கொண்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"உனக்கு இது போதுமாடா? வேணாம்னா சொல்லு, அப்புறமா பெருசாவே வாங்கலாம்."

கடையே என்னைப் பார்த்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை. போர்வையின் மூலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் கார் இதுல ஓடும்டா. சத்தியமா" என்றாள், போர்வையைப் பார்த்தபடி.

"ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தா சரி" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். அக்கா போர்வையை விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்து, எல்லா ஒயரையும் நானே சொருகினேன். ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டு. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "முன்ன எழுத்தாவது தெரிஞ்சினு இருந்துச்சி" என்றார் அப்பா. அக்கா பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பழைய ஓட்டையிலயே சொருவி வெச்சிக்கினு இருக்குறான் பாரு பேஜாரு" என்று தலையில் தட்டி, மானிட்டர் ஒயரைப் பிடுங்கிப் புதுக் கார்டில் சொருகினாள். வெளிச்சம் வந்தது.

கார் ஓடியது. சுவரில் மோதுவதற்கு முன்னால் நடப்பதெல்லாம் முதல் முறையாகத் தெரிந்தது. நான் களைத்து எழுந்ததும் அக்கா உட்கார்ந்தாள். கியர் பாக்ஸ் திரையில் வந்தது. பல்லோடு பல் கோத்து, ஒரு திணறலும் இல்லாமல் சுழன்றது. கடைக்குக் கிளம்பிச் செருப்பில் கால் விட்ட அப்பா திரும்பி வந்தார்.

"இது நம்ம கடையில கழட்டி வெச்சிருக்கற கியர் பாக்ஸ் இல்ல?"

"அதேதாம்ப்பா. அங்க வந்துதான் அளந்தேன்."

அவர் ஒற்றைச் செருப்போடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "இன்னொருவாட்டி சுத்திக் காட்டு" என்றார். பொங்கல் கழித்து அக்கா அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். ரிப்போர்ட்டைப் பையன்கள் டைப் அடித்தார்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "பையனுக்கு ஒரு பார்ட்டு வாங்கிக் குடுத்தேன், அதுல பொண்ணு கியர் பாக்ஸே செஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒரு தடவை அக்காவிடம் கேட்டேன்: "உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, நீயே இன்னொருவாட்டி அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ கேட்டா ஜல்தி நடக்கும்டா."

எவ்வளவு பெரிய பாராட்டு! மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் என்ன வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்கச் சொல்வார்கள், எனக்கு அப்படியொரு பேச்சுத் திறமை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.