இரைப்பை இல்லாத மீனுக்கு இரண்டு வேளை

வளைகுடாவில் மீன் பண்ணை உத்தியோகம் என்றால் மீனுக்குச் சோறு போட்டுவிட்டு, அதற்குச் செரித்ததா என்று கவலைப்பட்டுக்கொண்டே நாம் சாப்பிடாமல் கிடப்பது. என்னோடு அந்தப் பக்கம் குப்பை கொட்டியவர்களுக்கு இது புரியும்.

மாத்திரைத் தீனி

தொண்ணூறுகளில் உம்முல் குவைன் பக்கம் ஒரு பண்ணையில் ஹமூர், அதாவது நம்மூர்க் களவா மீன், வளர்த்தோம். ஹமூரின் உடம்பில் பேன் ஒட்டும். அந்தப் பேனைப் பொறுக்கித் தின்ன, விரல் நீளத்தில் நீல மீன்களைக் கடலிலிருந்து குஞ்சாகப் பிடித்து வந்து தனித் தொட்டியில் வளர்ப்போம். துப்புரவு மீன் என்று பெயர். அதன் தீனிக்கு நான் பொறுப்பு.

வந்த புதிதில் சோம்பல்பட்டு, ஹமூருக்குப் போடும் காய்ந்த மாத்திரைத் தீனியையே பொடித்துப் போட்டேன். நாலாம் நாள் வயிறு உப்பி, பின்னால் கழிவை வெள்ளை நூலாகத் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தின. செத்த ஒன்றை அறுத்தால் குடல் முழுக்க ஊறிய மாவு. தீனி போடும் காஜா மைதீன், கீழக்கரைக்காரர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊர்லேந்து வந்த மொத வாரம் குப்பூஸ் ரொட்டியைத் தின்னுட்டு நாம பட்ட பாட்டைத்தான் சார் இதுவும் படுது."

முதுகலைப் பட்டம்

பிறகு இறாலும் சிப்பியும் கொத்தி, பிசைந்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை துளித்துளியாகப் போட்டோம். இந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. வாயிலிருந்து நேரே குடல்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செரிக்கும். ஒவ்வொரு தீனிக்குப் பிறகும் டார்ச் அடித்து, என்ன நிறத்தில் போகிறது என்று நோட்டில் எழுதுவேன். வெள்ளிக்கிழமை துபாய் கராமாவில் ரூம் நண்பனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "எம்.எஸ்ஸி. படிச்சிட்டு, மீன் வெளிக்குப் போச்சான்னு பாக்கவாடா விசா எடுத்து வந்தே?"

நோன்பு மாத டூட்டி

ரம்ஜான் வந்தது. டூட்டி ஆறு மணி நேரமாகக் குறைந்தது. ஆறு தீனியை இரண்டாக்கினேன்: காலையில் ஒன்று, கிளம்பும்போது மொத்தமாக ஒன்று. நோன்பு வைத்திருக்கும் காஜா பாய்க்கு அலைச்சல் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. ஊரிலிருந்து என் மனைவி வந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். நோன்பு இல்லாத நான் இருந்து நடுவில் நாலு தடவை போட்டிருக்கலாம், போடவில்லை. ஒரு மாதம்தானே, தாங்கும் என்றேன். காஜா பாய் வாளியைப் பிடித்தபடி நின்றார். "இரைப்பையே இல்லேன்னு நீங்கதானே சார் சொன்னிய? சேத்து வைக்க எடமில்லாத வயித்துக்கு ரெண்டே வேளையா?"

பதினெட்டாம் நோன்பு

அன்று காலை தொட்டியில் பாதிக்கு மேல் மிதந்தன. அறுத்தால் குடல் சிவந்து, தொட்டதும் கிழிந்தது. மானேஜர் வடக்கத்திக்காரர். தீனி போடுவது யாருடைய டூட்டி என்று கத்தினார். "காஜாவுடையது" என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. வேளையை மாற்றியது நான் என்ற அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. காஜா பாய் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, செத்த மீனை அள்ள வாளியை எடுத்தார். பெருநாளுக்கு முன்பே அவர் விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன்.

வேன் ஏறும்போது அவர் பையை வாங்கி வைத்தேன். ஏன் பாய் சொல்லவில்லை என்று கேட்டேன், வெட்கம்கெட்டுப்போய். "தங்கச்சி இப்பத்தானே சார் வந்திருக்கு" என்றார், என் மனைவியைச் சொல்லி. வேன் நகர்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டினார். "இன்னையிலேந்து ஆறு வேளையாப் பிரிச்சுப் போடுங்க சார். மிச்சம் கெடக்கறதாச்சும் பொழைக்கட்டும்."

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'தீனி நேர மாற்றம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். மாற்றியவர் பெயரை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லாமல் போனது அன்று எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.