எட்டு ஜோடி கிராம்பான்

பனிமலை ஏற வருகிறவர்களுக்கு ஷூவும் கிராம்பானும் வாடகைக்குக் கொடுக்கும் கடை அவளுடையது. கிராம்பான் என்றால் ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள். அதை மாட்டிவிட்டே பதினெட்டு வருஷத்தில் அவள் பொறுமை தேய்ந்து போயிருந்தது. இடதை வலதில் மாட்டுவார்கள், கொக்கியை உள்பக்கம் வைப்பார்கள், மிச்ச வாரைத் தொங்கவிட்டு அதிலேயே தடுக்கி விழுவார்கள். "இது உங்க கால்தானே சார்? இல்ல, பக்கத்து வீட்டுக்காரரோடதா?" என்று கேட்டே விடுவாள்.

அவளுடைய சோதனை ஒன்றே ஒன்று. வாரைக் கட்டாமலே ஷூவைத் தூக்கி உலுக்குவாள். கிராம்பான் தானாகப் பிடித்து நின்றால் சரி. கழன்றால், நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற, துளைக்குத் துளை நம்பர் போட்ட நடுப்பட்டையை ஒரு துளை தள்ளிப் போட வேண்டும்.

தன் ஷூவில் அவள் கை படவிடாத ஒரே ஆள் அவள் கணவர். மலை வழிகாட்டி. "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று முறுக்கிக்கொள்வார்.

அன்று காலை வாசலில் வேன் நின்றது. அவர் மலைக்குக் கூட்டிப்போகும் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தாயிற்று. அவர் கடை பெஞ்சில் தன் கிராம்பானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். இடதில் நாலாம் துளை, வலதில் ஆறாம் துளை.

"ஏங்க, ரெண்டு காலும் ஒரே அளவுதானே?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. சும்மா நொய் நொய்னு பண்ணாத."

"அந்த நம்பரப் படிங்க பாப்போம்."

அவர் பட்டையைத் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். "வெளிச்சம் பத்தல" என்றார்.

வெயில் அவர் மடியிலேயே விழுந்து கிடந்தது. அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. எத்தனை மாசமாக மறைத்தாரோ, மனுஷன்! அடுத்த நொடியே வேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து நான் டாக்டர்கிட்ட போயிருந்தப்ப, இவங்க எட்டு பேருக்கும் அளவு வெச்சது யாரு?"

"அவங்க முன்னாடி என் மானத்த வாங்காத" என்றார், தாழ்ந்த குரலில். "அப்புறம் எவன் என்னக் கூப்பிடுவான்?"

அவருக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் போய் வேன் கதவைத் திறந்தாள். "எல்லாரும் இறங்குங்க. ஷூ, கிராம்பான் ரெண்டையும் இங்க வைங்க."

உலுக்கியதில் முதல் ஆறு ஜோடியும் அசையாமல் நின்றன. கூட்டம் முணுமுணுத்தது. வீணாக மனுஷனை அவமானப்படுத்திவிட்டோமோ என்று அவளுக்கே கூசியது. ஏழாவது ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. உலுக்கியதும் கழன்று தெருவில் விழுந்தது.

அவர்தான் எழுந்து வந்து, குனிந்து அதை எடுத்தார்.

"இன்னிக்கு நான் வரலம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியல."

"ஏங்க, இத என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று அவள் கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.