தெலுங்கில் சூடாகிற ரேடியோ

ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவின் சாவி சித்தப்பாவிடம் இருந்தது. அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட கலெக்டர் உத்தியோகம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பெட்டியைத் திறந்தால்தான் கம்பத்து ஸ்பீக்கர் குழாய் வழியாக ஊருக்கு மழைச் செய்தியும் மிளகாய் விலையும் வரும்.

ஆனால் முதல் பத்து நிமிஷம் தெலுங்குதான் ஓடும். "வால்வு செட்டு. தூரத்து ஸ்டேஷன் வச்சி சூடாக்கணும். இல்லாங்காட்டி புட்டுக்கும்" என்பார் சித்தப்பா. போன வருஷம் வரை அது சூடாக்காமலேதான் ஓடிற்று. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. மளிகைக்கடைப் பெரியப்பா மட்டும் தினமும் முணுமுணுப்பார். "இன்னாடா பேஜாரு இது, மொளகா வெல கேக்க வுடமாட்டியா?"

சித்தி அந்த வருஷம்தான் நெல்லூருக்கும் அப்பாலிருந்து கல்யாணமாகி வந்திருந்தாள். நைனா, டப்பு என்று எங்களுக்குத் தெரிந்த தெலுங்கு நாலு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? பாவம், அவளுக்குச் சோறே இறங்காது. அம்மா வீட்டுக்கே போகிறேன் என்று இரண்டு முறை டிரங்குப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோ சூடாகும்போது மட்டும் துடைப்பத்தோடு வெளியே வந்து, பெருக்கின இடத்தையே பெருக்குவாள். அப்புறம் நாலு வாய் சாப்பிடுவாள்.

ஒருநாள் ரேடியோ அதிகாரி ஜீப்பில் வந்தார். "இங்க தெலுங்கு வைக்கிறதா மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. நிஜமா?"

சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி பாவாடையைச் செருகிக்கொண்டு முன்னால் போனேன். "சூடாக்கத்தான் சார்! வால்வு!"

"அது எந்த பாஷை வச்சாலும் அரை நிமிஷத்துல தானா சூடாயிடும். சாவியைக் குடுய்யா" என்று கையை நீட்டினார்.

ஜீப்பைப் பார்க்கக் கூடின கூட்டத்திலிருந்து பெரியப்பா வந்தார். "இருங்க சார். வேற செட்டு எப்பிடியோ, எங்க செட்டு அப்பிடித்தான். தெலுங்குல சூடானாத்தான் தமிழு பேசும்."

"ஆமா சார்" என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அதிகாரி எல்லார் முகத்தையும் பார்த்தார். எதிரே, எங்கள் வாசலில் துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்ற சித்தியையும் பார்த்தார். நீட்டின கையை இழுத்துக்கொண்டார். "சரி, பத்தே நிமிஷம். அதுக்கு மேல போனா வெந்துடும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா, "பேஜாருடா சாமி" என்று முனகிக்கொண்டே ஏணி வைத்து ஏறி, கம்பத்துக் குழாயை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினார். படித்தவர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இவருக்கு ஒரு வால்வு சமாசாரம் புரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.