டில்லி வாங்கிய துரு

போன வாரம் என் ஸ்கூட்டர் மறுபடியும் மக்கர். (விற்றுத் தொலைக்கச் சொல்லி நீங்களும் எழுதிவிட்டீர்கள், என் மனைவியும் சொல்லிவிட்டாள்... கேட்டால்தானே!) நூம்பலில் இருக்கும் ஏழுமலை மெக்கானிக் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

அண்ணன் ஏழுமலை, தம்பி டில்லி – இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய ஷெட் அது. அண்ணனுக்குத் துரு என்றாலே ஆகாது. எந்த வண்டி வந்தாலும் கை முதலில் துரு தேய்க்கும் எமரி பேப்பரைத்தான் தேடும். தம்பிக்கோ ஷெட்டை ‘கெத்தாக’ மாற்ற ஆசை. அந்தக் காலத்துப் பெட்ரோல், டயர் விளம்பரத் தகடுகளைப் போலவே புதிதாகச் செய்து ஆன்லைனில் விற்கிறார்களே... அதைச் சுவர் முழுக்க மாட்டவேண்டும் என்பான்.

“தகரத்த மாட்டிகினு காயலாங்கடை வைக்கப் போறியா?” என்பார் அண்ணன். டில்லி சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுப்பான்.

போன மாதம் டில்லி தவறிவிட்டான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்... என்ன வயசு அவனுக்கு? மூத்த பிள்ளைக்கு இன்னும் முதல் மொட்டைகூடப் போடவில்லை.

நான் போனபோது ஏழுமலை தரையில் உட்கார்ந்து ஒரு தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரித்த பார்சல், அதில் இன்னும் சில தகடுகள். காரியம் முடிந்த மறுநாள் வந்ததாம்.

“டில்லி ஆர்டர் போட்டது சார். ஆசயா வாங்கிகீறான்... ஒரே துருவா அனுப்பி ஏமாத்திட்டானுங்க. தேய்ச்சு, புதுசா பெயின்ட் அட்ச்சு மாட்டிடறேன்.”

அழுதுகொண்டேதான் தேய்த்தார். திடீரென்று அவரே நிறுத்திவிட்டார்.

“இன்னா சார் இது? துருவுக்கு அடியில தகடு பளபளன்னு கீது?”

இதற்கு மேல் எப்படி மறைப்பது? “அது துரு இல்ல ஏழுமலை. பழசு மாதிரி தெரியணும்னு அப்படியே பிரிண்ட் பண்றாங்க. அதுக்காகத்தான் வாங்கறாங்க.”

எமரி பேப்பரைக் கீழே வைத்தார்.

“அப்போ... அவன் ஆசப்பட்டு வாங்கினத நானே அழிச்சிட்டனா சார்?”

சமாதானமாக ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்தேன்.

நாம் எல்லோருமே இப்படித்தானோ? ஒருவர் இருக்கும்போது அவர் ஆசையைக் கிண்டலடிக்கிறோம். போன பிறகு பாசத்தைக் கொட்டுகிறோம் – அப்போதும் நமக்குத் தெரிந்த விதத்தில்தான்!

நேற்று ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். தகடுகள் எல்லாம் சுவரில் ஏறியிருந்தன. மற்றவற்றில் கை வைக்கவில்லை. தேய்த்ததை மட்டும் பெயின்ட் அடிக்காமல் நடுவில் மாட்டியிருந்தார். இடையில் பெய்த மழையில் சாரல் பட்டிருக்கிறது... ஓரத்தில் பழுப்பாக நிஜத் துரு ஏறத் தொடங்கியிருந்தது. எமரி பேப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

“துரு ஏறுதே ஏழுமலை?” என்றேன்.

“ஏறட்டும் சார். டில்லி கேட்டது அதானே.”