பெண்கள் பக்கத்து ஹார்டு டிஸ்க்

தென்காசி வட்டாரத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் மண்டபத்தில் இரண்டு கேமரா ஓடும். ஆண்கள் பக்கம் எடுக்க யார் வேண்டுமானாலும் வரலாம். பெண்கள் பக்கத்துக்குச் சஃப்ரின்தான் வர வேண்டும். அவளுக்குத் தேதி இல்லையென்றால் கல்யாணத் தேதியையே தள்ளி வைத்தவர்களும் உண்டு. நம்ப மாட்டீர்கள், உண்மைதான்.

வேறொன்றுமில்லை, அவள் கொடுக்கும் வாக்குதான் காரணம். பெண்கள் பக்கத்தில் புர்காவெல்லாம் ஆணியில் தொங்கும். பட்டும் நகையுமாக ஒருத்தி ஆடுவாள், ஒருத்தி மச்சானைப் போல நடந்து காட்டுவாள், சம்பந்திமார் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரியாணி தின்பார்கள். அத்தனையும் கேமராவில் விழும். "எடுக்கதும் நான்தான், கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டுததும் நான்தான். நடுவுல ஒரு ஆம்பளை கண்ணு படாது" என்பாள் சஃப்ரின். இத்தனை வருஷத்தில் ஒரு படம் வெளியே போனதில்லை. அவள் புருஷன் சுஹைப் துபாயிலிருந்து வந்தால்கூட, எடிட்டிங் நடக்கும்போது அந்த அறைக்குள் அவனுக்கு அனுமதி கிடையாது. பாவம், சாயாவைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவான்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "மாமி, வயித்தை எக்கிக்கிடுங்க, ஃபிரேமுக்குள்ள அடங்க மாட்டேங்குது" என்று எந்தப் பெரிய வீட்டு மாமியிடமும் சொல்லிவிடுவாள். மாமிமார் சிரித்துக்கொண்டே எக்கிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவள், குற்றாலத்தில் சாரல் இறங்கியிருந்த அந்தக் காலையில், திறந்து கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில், நனைந்த குடையும் பெரிய ஹேண்ட்பேக்குமாக ஹைருன் பீவி.

ஹைருன் பீவியின் மகள் சுமையாவுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. நாளை விடிந்தால் மாப்பிள்ளையோடு ரியாத்துக்கு விமானம் ஏறுகிறாள். "அவ போறதுக்குள்ள ஒரு தடவை அவகூட உக்காந்து கல்யாணத்தைப் பாத்துரணும்ட்டி. பெறவு எப்ப வருவாளோ" என்று ஹைருன் பீவி சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். அந்த வீடியோவை வாங்கிப் போகத்தான் வந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். சுஹைப் அனுப்பிய பெரிய ஹார்டு டிஸ்க்கில்தான் எல்லாக் கல்யாணமும் இருந்தது. தனிப் பெட்டிக்குள் இருக்கும், வயரால் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் ரகம். முந்தின நாள் கரண்டு போன இருட்டில் எழுந்தவள் காலில் வயர் மாட்டி, பெட்டியின் பவர் சொருகும் இடம் பெயர்ந்துவிட்டது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? கத்தியால் நெம்பிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டிவிட்டாள். ஸ்க்ரூவெல்லாம் அழகாக முடுக்கியாயிற்று. ஆன் செய்தால், அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

கேமரா கார்டில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்தாயிற்று. இன்னொரு பிரதி எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியை அவளே தன்னைப் பலமுறை கேட்டுவிட்டாள், கூடவே நல்ல நல்ல வசவுகளோடு.

"எல்லாம் இந்தச் சாரல் ஈரந்தான். அரிசிப் பானைக்குள்ள போட்டு வையி, சரியாயிரும்" என்றாள் ஹைருன் பீவி.

"மாமி, கொஞ்சம் பேசாம இருங்க. எனக்கு அழுகை வருது." உண்மையிலேயே வந்தது. காசைத் திருப்பித் தரலாம். கல்யாணத்தை எங்கே போய்த் திருப்பி எடுப்பது?

குற்றாலம் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் விஸ்வேஸ்வரனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது. "கொண்டாந்து குடும்மா. பாத்துருதேன்."

"அது முடியாதுல்லா அண்ணாச்சி. உள்ள எல்லாம் பெண்கள் பக்கம்."

"நான் என்னத்தம்மா பாக்கப் போறேன்? என் வீட்டுக் கல்யாண வீடியோவையே நான் இன்னும் பாக்கல."

"நீங்க தங்கமான மனுசன் அண்ணாச்சி. இருந்தாலும் வாக்கு வாக்குதான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, போன்லயே பாப்போம். டிஸ்க்குக்கு வேற பவர் வயர் மாத்திப் பாத்தியா?"

"பாத்தாச்சு. அதே வயர்ல கம்ப்யூட்டரோட பழைய டிஸ்க்கு ஜம்முனு ஓடுது."

"போனை அந்தப் பெரிய டிஸ்க்கு பக்கத்துல வையி. சத்தம் கேக்கட்டும்."

சஃப்ரின் போனை டிஸ்க்கின் மேல் வைத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சுத்தவே இல்லையேம்மா. கல்லு மாதிரில்லா கெடக்கு. எப்ப கடைசியா ஓடுச்சு?"

சஃப்ரின் தயங்கினாள். பிறகு பெட்டியை நெம்பிய கதையை, கத்தியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள்.

"அடப்பாவி மக்கா, இதை மொதல்லயே சொல்லப்படாதா!" விஸ்வேஸ்வரன் குரலில் உயிர் வந்துவிட்டது. "டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். அந்தப் பெரிய டிஸ்க்குகள்ல ஒரு குசும்பு உண்டு. பவர் சொருகுத எடத்துல மூணாவது பின்னுக்குக் கரண்டு வந்தா, 'நீ சுத்தாத, படுத்துக்கோ'ன்னு அதுக்கு அர்த்தம். பெட்டிக்குள்ள இருந்தப்ப அந்தப் பின்னுக்குக் கரண்டு வராது. ஒன் பழைய கம்ப்யூட்டரு அதுக்கும் சேத்து அனுப்புது. அந்த ஒரு பின்னை மட்டும் மூடிரு, போதும்."

"மூணாவதுன்னா எந்தப் பக்கத்துலேருந்து?"

"டேட்டா வயர் சொருகுதேல்லா, அந்தப் பக்கத்துலேருந்து எண்ணு."

செல்லோ டேப்பைச் சன்னமாக நறுக்கி ஒட்டினாள். வயரைச் சொருகும்போது டேப் சுருண்டு மேலே வந்துவிட்டது. மறுபடி ஒட்டினாள், மறுபடி சுருண்டது. சனியன் பிடித்த டேப்!

"அப்ப நெயில் பாலிஷ் வையி" என்றார் விஸ்வேஸ்வரன். "காஞ்சதும் கரண்டை விடாது."

"எங்க வீட்டுல அதுக்கு எங்க போக அண்ணாச்சி? தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது நகத்துல தண்ணி படணும்லா. நாங்க போட மாட்டோம். மருதாணி கோன் கெடக்கு, அது ஆவாதா?"

"கம்ப்யூட்டருக்கா கல்யாணம் பண்ணுதே? மருதாணியெல்லாம் வேலைக்கு ஆவாதும்மா."

ஹைருன் பீவி தொண்டையைச் செருமினாள். ஹேண்ட்பேக்கைத் திறந்து, தஸ்பீஹ் மணி, மாத்திரை, பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் மடியில் எடுத்து வைத்தாள். அடியிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் வந்தது.

"மாமி! நீங்களா?"

"சும்மா கெட. கல்யாணத்தன்னைக்கு சுமையா போடப் போனா. தொழுகை கூடாதுட்டின்னு புடுங்கி வச்சேன். பைக்குள்ளேயே கெடந்திருக்கு."

சஃப்ரின் பிஸ்மி சொல்லிக்கொண்டு, தூரிகையின் நுனியால் மூன்றாவது பின்னில் தொட்டு வைத்தாள். கல்யாணப் பெண்ணின் கைக்குக்கூட யாரும் அத்தனை கவனமாகப் பூசியிருக்க மாட்டார்கள். ஃபேனுக்குக் கீழே காய வைத்தார்கள். ஹைருன் பீவி முந்தானையாலும் விசிறினாள்.

வயரைச் சொருகி ஆன் செய்ததும் டிஸ்க்கிலிருந்து மெல்ல ஒரு ரீங்காரம் எழுந்தது. "சுத்துது! எனக்கே கேக்குது!" என்று போனுக்குள்ளிருந்து கத்தினார் விஸ்வேஸ்வரன். திரையில் எல்லாக் கல்யாணமும் பெயர் பெயராக வந்து நின்றது.

"அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும். இப்ப போனை வச்சிருங்க. இனிமே பெண்கள் பக்கம்."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார்.

சரியாக ஓடுகிறதா பார்ப்போம் என்று சுமையாவின் கல்யாணத்தில் கைக்கு வந்ததைத் திறந்தாள். வந்தது எது என்கிறீர்கள்? கண்ணாடி முன்னால் சுமையா. ஒரே ஒரு விரலுக்குச் சிவப்பு. ஹைருன் பீவி வந்து பாட்டிலைப் பிடுங்குகிறாள். "அறிவு இருக்காட்டி ஒனக்கு? இன்னைக்குப் போயி இதைப் பூசிக்கிட்டு!" சுமையா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விரலைத் துடைக்கிறாள்.

நாற்காலியில் இருந்த ஹைருன் பீவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த இடம் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நாள்ல ஏசுதது எதுக்கு மாமி, இந்த எடத்தை வெட்டிருதேன்" என்று சஃப்ரின் மவுஸைப் பிடித்தாள்.

ஹைருன் பீவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்ட்டி, இருக்கட்டும். அங்கன ரியாத்துல அவளை ஏசுததுக்கு யாரு இருக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, மூடியை இறுக்கி, மகளிடம் கொடுப்பதற்காகப் பைக்குள் மேலாக வைத்துக்கொண்டாள்.