நெற்றியைத் துடைத்த நாள்

வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கலங்கியதிலிருந்து எந்த டாக்டரின் விளக்கும் உள்ளே போகவில்லை. சர்க்கரை வியாதியின் கைங்கரியம். பின்னால் விழித்திரைக்கு ரத்தம் ஓடினால்தான் ஊசி போட்டுப் பயன், இல்லையென்றால் அந்தக் கண்ணை விட்டுவிட வேண்டியதுதான் என்றார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. வைத்து விழித்திரையை ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சித்தூரிலிருந்து மனைவியுடன் பஸ் ஏறினேன். வெளிச்சமே இல்லாமல் கண்ணுக்குள் பார்க்கும் இயந்திரம்! காந்தமும் ரேடியோ அலையும் போதுமாம். இதை யோசித்தவர்களை நினைத்தால் இப்போதும் கை குவிகிறது.

மோதிரம், பல் செட், அரைஞாண் மூன்றையும் எண்ணி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இடது கண்ணால் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். பச்சை விளக்கு வந்தால்தான் இமைக்கலாம். இயந்திரம் தடதடவென்று இடித்தது. இடிகளை எண்ணிக்கொண்டே போய் நடுவில் தவறவிட்டேன்.

படம் எடுத்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். "கண்ணுக்கு மேல கறுப்பா அடிக்கிது தாத்தா. நெத்தில செவப்பா வச்சிக்கினு வந்திருக்கீங்களே, அதுல இரும்பு கலந்திருக்கும். தொடச்சிட்டு வாங்க, இன்னொரு தபா எடுக்கலாம்."

கடையில் வாங்கிய ஸ்ரீசூர்ணம்தான். ஆனால் பூணூல் போட்ட நாள் முதல் நான் வெறும் நெற்றியோடு வெளியே நின்றதில்லை. அதுவும் திருமலை அடிவாரத்திலா?

"அது மட்டும் முடியாதும்மா."

கதவருகே நின்ற மனைவி விடவில்லை. "ஏன்னா, இப்பவே தெனம் கோணலாத்தான் இட்டுக்கறேள். கண்ணும் போயிடுத்துன்னா நான்தான் இட்டுவிடணும். நேரா இட மாட்டேன், சொல்லிட்டேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பாட்டி கரெக்டா சொல்றாங்க. பதண்டி தாத்தா, வாங்க" என்று தெலுங்கும் கலந்து கூப்பிட்டாள்.

மனைவி ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். இரண்டாம் முறை எதையும் எண்ணவில்லை. எண்ணினால் கண் அசையுமோ என்று பயம்.

டாக்டர் படத்தைக் காட்டினார். விழியின் பின்புறம் மெல்லிய கோடு. அதுதான் விழித்திரையாம். அந்தக் கலங்கலைத் தாண்டி அத்தனை துல்லியமாக!

"ரத்தம் ஓடுது சார். ஊசி போடலாம்."

பஸ் ஸ்டாண்டில் மனைவி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து எனக்கு இட்டுவிட்டாள். நேராக இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டேன்.

"ஊசியெல்லாம் முடியட்டும், கண்ணாடியில நீங்களே பாத்துக்கோங்கோ" என்றாள்.