மழைச் சத்தத்தில் சொன்னது

ஷிப்ட் முடிந்து, கம்பெனி கேட்டில் கொடுத்திருந்த செல்போனைத் திரும்ப வாங்கியபோது பதினோரு மிஸ்டு கால் இருந்தது. பார்ப்பதற்குள் பஸ் டிரைவரே சொல்லிவிட்டார்: "மீ அக்கா சனிபோயிந்தம்மா." காய்ச்சல் என்று அன்று லீவு போட்டிருந்த வசந்தா அக்கா, மத்தியானம் முற்றத்தில் துணி உலர்த்தும்போது விழுந்து, அங்கேயே இறந்துவிட்டாராம். நம் வீடு இருக்கும் நாகலாபுரம் வரும்வரை, கூடக் குடியிருக்கும் நீங்கள் எல்லாரும் பஸ்ஸில் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்கள். அதனால் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் வீடு, அண்ணன் தம்பி ஐந்து பேரின் குடும்பங்கள் ஒன்றாக வாழக் கட்டியது. அவர்கள் திருப்பதிக்கும் ஐதராபாத்துக்கும் போனபின், முற்றத்தைச் சுற்றிய எட்டு அறைகளுக்கு நாம் எட்டுப் பேர் குடிவந்தோம். முதலில் வந்தவர் அக்கா. சிறுமியாக அதே வீட்டின் பின்வாசலோடு நின்றவர். "எங்கம்மா இந்த வூட்டுக்கு வருசம் பூரா நெல்லு தூத்துச்சி. முத்தம் எப்பிடி இருக்கும்னு பாக்காமயே பூட்ச்சி," என்பார். குடிவந்த அன்று முன்வாசல் வழியாக நுழைந்து, நட்டநடு முற்றத்தில் உட்கார்ந்து சோறு தின்றாராம். "காக்கா கூட என்னைத் தொரத்தலடி!"

யாரையும் தனியாகச் சாப்பிட விடமாட்டார். ஒரு ஞாயிறு நான் அறையில் படித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இன்னாடி, பொஸ்தகத்தைத் தொட்டுக்கினு துன்றியா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்தார். டைபாய்டில் நான் கிடந்த பத்து நாளும் என் அறை வாசலில் படுத்தவரும் அவர்தான்.

அந்த வீட்டில் ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர் அறைக்குக் கேட்கும். நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும்போது மட்டும் எதுவும் கேட்காது. அப்படி ஒரு மழையில்தான் அவரிடம் சொன்னேன். இரண்டு வருடப் பயிற்சிக்கு கம்பெனி என்னைப் புனேவுக்கு அனுப்புகிறது, என்னைப் பெற்ற நைனா விடமாட்டார், போய்ச் சேர்ந்தபிறகுதான் அவருக்குச் சொல்லப்போகிறேன் என்று. வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு காலை, எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து நைனா வந்து முற்றத்தில் நின்றார். "பூனாவுக்குப் போறியாமே?" அக்கா அவருக்குக் காபி கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாள் ஊரில் வைத்திருந்துவிட்டு, "வேலைக்குப் போனா அந்த வூட்டுக்கே போ, அந்த வசந்தா பொண்ணு உன்னைப் பாத்துக்கும்," என்று நைனாவே திருப்பி அனுப்பினார். புனேவுக்கு என் இடத்தில் வேறொருத்தி போயிருந்தாள்.

"ஏங்கா சொன்னே?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் பொய் சொல்லவில்லை. "ஒரு ரூமு காலியானாலும் வூட்டை இடிச்சிடுவேன்னு ஓனர் சொல்லிக்கினு கீறாரு. நீ போனா இன்னா ஆவும்?"

"அப்ப நானு?"

"உனுக்கு வேற வூடு கெடைக்கும். எனுக்கு இது ஒண்ணுதான்டி."

அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆறிவிடவில்லை. தன் அம்மாவுக்குக் கிடைக்காத முற்றத்துக்காக என்னை அவர் விலையாகக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அறையிலேயே சாப்பிட்டேன். அவர் ஒருநாளும் கூப்பிடவில்லை. நீங்கள் வட்டமாக உட்காரும்போது என் இடத்தை மட்டும் விட்டு வைத்தார். மற்றவர்கள் நகர்ந்து உட்காரப் பார்த்தால், "அங்க ஆளு கீது," என்பார்.

கருமாதி அன்று மழை பிடித்தது. அக்காவின் அறைக்கு ஆள் கிடைக்குமா என்று கவலையோடு பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் கொட்டிய சத்தத்தில், உங்களில் ஒருத்தி என் அறைக்கு வந்து, அன்று நான் அக்காவிடம் சொன்னதைப் போல ஒன்று சொன்னாள். யார், என்ன என்று எழுதமாட்டேன். அவள் வீட்டுக்கு நான் ஒரு போன் போட்டால், இந்த வீடு இன்னும் கொஞ்சநாள் நிற்கலாம்.

மழை விட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அக்காவின் இடத்தை விட்டு உட்கார்ந்தேன். இடம் விட்டு வைக்கும் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அது ஒன்றைத்தான்.

போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை.